‘நண்டுவளை’யின் டாக்டர்

போன ஞாயிற்றுக்கிழமை என்னை நானே திரையில் பார்த்தேன். நடவு முடிந்த வயலில், மழையில், வெள்ளைத் தாவணியோடு ஆடிக்கொண்டிருந்தேன். எனக்கு இடுப்பு இருந்தது. நான் ஒருகாலத்தில் வேலை பார்த்த பத்திரிகையின் ஆசிரியர் பக்கிரிசாமி சார், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, அகன்ற தோளோடு வந்து என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நிஜத்தில் சார் என்னைவிட ஒல்லி. ஒரு பேப்பர் கட்டை வாசலிலிருந்து உள்ளே கொண்டுவருவதற்குள் மூன்று இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்குவார். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “இவ்வளவு நாத்தையும் மிதிச்சுட்டாங்களே, யாரு மறுபடி நடுறது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கவலைப்பட்டார். படத்தில் உண்மையான கவலை என்று எனக்குப் பட்டது அது ஒன்றுதான்.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரில் பேனாவும் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. சாரிடம் இரண்டும் கிடையாது. பென்சிலில்தான் எழுதுவார், அதுவும் வீணான புரூப் தாளின் பின்பக்கத்தில். பீடி சிகரெட் இல்லாததால் தீப்பெட்டியும் வைத்திருக்க மாட்டார். பேச்சுரிமைக்காகச் சிறை சென்ற பத்திரிகையாளரின் வாழ்க்கை வரலாறு என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். அந்தப் பேச்சுரிமைப் படத்தில் சார் பேசும்போது அடிக்கடி சத்தம் நின்றுபோய் வாய் மட்டும் அசைந்தது. ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்தேன். தணிக்கையில் வெட்டியது என்று என் கணவர்தான் சொன்னார்.

கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கல்யாணத்துக்கு முன்பு நான் கும்பகோணத்தில் ஒரு விவசாயப் பத்திரிகையில் வேலை பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். அது விவசாயப் பத்திரிகை இல்லை என்பது தெரியாது. முப்பது வருஷமாகச் சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை. முதல் வாரம் சொல்லாத விஷயம் பிறகு சொல்ல முடியாததாகிவிடுகிறது.

இடைவேளையில் அவர் பாப்கார்னை என் பக்கம் நீட்டிக்கொண்டே, “இந்தப் பத்திரிகைய நான் படிச்சிருக்கேன்” என்றார்.

“எத?”

“நண்டுவளைய. காலேஜ் படிக்கிறப்ப. கடைசிப் பக்கத்துல ஒரு டாக்டர் பதில் சொல்லுவாரு, டாக்டர் ரகசியன்னு. அதுக்காகத்தான் எல்லாரும் வாங்குவோம். படத்துல அவரக் காட்டவே இல்லியே.”

நான் பாப்கார்னை மென்றேன்.

“நானே ஒரு தடவ எழுதிப் போட்டிருக்கேன்” என்றார், குரலைத் தாழ்த்தி.

“என்னன்னு?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப. ஆனா பதில் போட்டாரு. பயப்பட ஒண்ணுமில்ல, நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்குங்கன்னு.”

“பயம் போச்சா?”

“போச்சு. கெட்டிக்கார மனுஷன்.”

விளக்கு அணைந்ததால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அந்தக் கெட்டிக்கார மனுஷன் நான்தான்.

விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த வருஷம் அது. ஒரு பிரஸ்ஸில் புரூப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாடியில் ஒரு நீளமான அறை. உள்ளே நுழைந்ததும் மண்ணெண்ணெயும் மைதாப் பசையும் கலந்த வாசனை. இன்றைக்கும் வீட்டில் கொலுவுக்குக் காகிதம் ஒட்டப் பசை கிண்டினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொலு இல்லை, அந்த அறையில் கேட்ட அசிங்கமான ஜோக்குகள்தான். ‘நண்டுவளை’ மாதப் பத்திரிகை. வரப்பில் நண்டு போடுகிற ஓட்டைதான் அந்தப் பெயர். பார்க்கச் சின்னதாக இருக்கும், கவனிக்காமல் விட்டால் வயலில் தேக்கிய தண்ணீர் எல்லாம் வடிந்துவிடும். முதல் நான்கு பக்கம் அந்த வேலை. எந்த வாய்க்காலை யார் தூர்த்து மண்டபம் கட்டினார், எந்தத் தலைவர் எந்தக் கோயில் நிலத்தில் குடியிருக்கிறார் என்றெல்லாம் சாரே எழுதுவார். மீதி இருபத்தெட்டுப் பக்கமும் வேறு வேலை. நடிகைகளின் காதல்கள் என்று ஒரு பகுதி வரும். அந்தக் காதல்கள் எல்லாமே எங்கள் மாடியில்தான் நடந்தன. சார் ஒரு நடிகைக்கும் ஒரு நடிகருக்கும் வெள்ளிக்கிழமை காதல் உண்டாக்கி அடுத்த இதழில் பிரித்துவைப்பார். மனசாட்சி உறுத்தாதா என்று கேட்டேன். “அவங்க நண்டுவளை படிக்கிறவங்க இல்லம்மா” என்றார்.

என் அப்பாவுக்குப் பத்திரிகையின் பெயர் மட்டும் சொன்னேன். அவர் மூன்று மா நிலத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தவர். நண்டு, எலி, பூச்சி பற்றி எழுதுகிற பத்திரிகை என்று அவராகவே முடிவுசெய்துகொண்டு, பெருமையாக ஊரெல்லாம் சொன்னார். நான் திருத்தவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்குகிறவர்கள் அதைப் பக்திப் பத்திரிகைக்குள் மடித்து எடுத்துப் போவார்கள் என்பதும், அதனால் கடைக்காரர் இரண்டையும் சேர்த்தே அடுக்கி வைத்திருப்பார் என்பதும் அப்பா காதுக்கு எட்டவில்லை.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் டாக்டர் ரகசியன் துபாய்க்குப் போய்விட்டார். மருந்துக் கடையில் வேலை பார்த்தவர் அவர். பதில் எழுத ஆள் இல்லை. சார் என்னைப் பார்த்தார்.

“நீ என்னம்மா படிச்ச?”

“ஜுவாலஜி சார்.”

“அதுல ஒடம்பு வருமா?”

“தவளை ஒடம்பு வரும்.”

“போதும்” என்றார்.

இப்படித்தான் இருபத்திரண்டு வயதில், கல்யாணமாகாத நான், ஐந்து மாவட்டத்துக்கு அந்தரங்க மருத்துவரானேன். கடிதங்கள் மூட்டையாக வரும். பாதிப் பேர் இடது கையால் எழுதியிருப்பார்கள், கையெழுத்துத் தெரியக் கூடாதென்று. மீதிப் பேர் நண்பனுக்காகக் கேட்பார்கள். முதல் வாரம் முகம் சிவந்துகொண்டே படித்தேன். அப்புறம் சிவக்கவில்லை. கேலியாகத் தொடங்கியவள்தான், நூறு கடிதம் படித்த பிறகு ஒன்று புரிந்தது: ஒருவருக்கும் நோய் இல்லை, எல்லோருக்கும் பயம். அதனால் முக்கால்வாசிப் பதிலை ஒரே மாதிரி எழுதினேன். என் கணவருக்குக் கிடைத்தது அந்த வகை. தெரியாத விஷயம் வந்தால் ஒரு லேடி டாக்டரிடம் டோக்கன் போட்டு உட்கார்ந்து, “எங்க சித்தி பொண்ணுக்கு” என்று ஆரம்பிப்பேன். அந்த அம்மாள் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார், பிறகு பெருமூச்சு விட்டுப் பதில் சொல்வார். என் சித்தி மகளைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போதும் கவலையாக இருக்கிறது.

ஒருநாள் கோடியக்கரைப் பக்கத்திலிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. பிரிக்கும்போதே கருவாட்டு வாசனை. இடது கை இல்லை, நண்பன் இல்லை; பெயர், ஊர், எல்லாம் போட்டு ஒரு பெண் எழுதியிருந்தாள். உப்பளத்தில் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை, கணவனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கிறார்கள். ‘என்னிடம் என்ன குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது டாக்டர் அய்யா’ என்று கேட்டிருந்தாள். லேடி டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பதில் எழுதினேன். ‘குறை உங்களிடம்தான் என்று முடிவுசெய்தது யார்? முதலில் உங்கள் கணவரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஆணுக்குச் செய்யும் சோதனை மிகவும் சுலபம்.’

சார் புரூப்பைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். “இதப் படிச்சா ஊர்ல பாதிப் பேரு சண்டைக்கு வருவானே.”

“எடுத்துரட்டுமா சார்?”

“எதுக்கு? சண்டைக்கு வர்றவன் வாங்கிப் படிச்சுட்டுத்தானே வரணும்.”

வந்தார்கள். கடிதம் தங்கள் வீட்டைப் பற்றியதுதான் என்று கும்பகோணத்தில் மட்டும் நான்கைந்து குடும்பங்கள் உறுதியாக நம்பின. அதில் ஒருவர் ரைஸ்மில் முதலாளி. ஊரில் எந்தப் பந்தலிலும் அவருக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. அவர் மகனுக்குக் கல்யாணமாகி அதே ஆறு வருஷம், அதே இரண்டாம் தாரப் பேச்சு. நெல் அவித்த வாசனை அவர் வேட்டியோடு கூடவே படியேறி வந்தது. கையில் இதழைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“எங்க வீட்டு விஷயத்த ஒனக்கு யாரு சொன்னது?”

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். மரியாதை தெரிந்தவர். “ஒங்க வீட்டுலயும் அப்படித்தானுங்களா? எனக்குத் தெரியாதுங்களே.”

பசை கிண்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். மெஷின்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. ஆபாசப் பத்திரிகை அச்சிட்டு விற்றதாகப் புகார். இருபத்தெட்டுப் பக்கம் ஜோக்கும் படமும் வருஷக்கணக்காகக் குப்பையாய்க் குவிந்திருக்க, புகாரில் ஆபாசம் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது என் பதிலுக்கு. ஆண்களைப் பரிசோதிக்கச் சொன்னது ஆண்குலத்துக்கே இழுக்காம். கூட வந்த ஏட்டு எங்கள் பழைய வாசகர். கட்டிவைத்த இதழ்களைத் தூக்கும்போதே மேலாக இருந்ததைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“யாருய்யா இந்த டாக்டர்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்த மாதத்துப் பதில்கள் என் கையில் இருந்தன, என் கையெழுத்தில்.

“நான்தாங்க” என்றார் சார்.

“நீ என்ன படிச்சிருக்க?”

“எட்டாவது.”

“எட்டாவது படிச்சவன் டாக்டரா?”

“பதில்ல தப்பு இருந்தாச் சொல்லுங்க, அடுத்த இதழ்ல திருத்திப் போட்டுர்றேன்.”

அடி விழுந்தது. ஒரே அடி, கன்னத்தில். படத்தில் இந்த இடத்தில் சார் நான்கு போலீஸாரை மாடியிலிருந்து தூக்கி எறிகிறார். நிஜத்தில் கீழே விழுந்த கண்ணாடியைத் துழாவி எடுத்து, துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, “ஏம்மா, டைப் அடிக்கத்தானே வந்த, இன்னைக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ” என்றார். எங்கள் ஆபீஸில் டைப்ரைட்டரே கிடையாது.

நான் போனேன். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வந்ததாகவும் சார் கண்ணால் தடுத்ததாகவும் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டேன், குடையையும் எடுத்துக்கொண்டேன், ஊருக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. மறுநாள் பேப்பர் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், “நண்டப் பத்தி எழுதுனதுக்கா புடிச்சுட்டுப் போயிட்டாங்க?”

“ஆமாப்பா” என்றேன்.

ஜாமீனில் வெளியே வந்த பிறகு வழக்கு நடந்தது. நானும் மறுபடி வேலைக்குப் போனேன், டாக்டர் வேலை மட்டும் நின்றுபோயிருந்தது. படத்தில் நீதிமன்றக் காட்சி அரைமணி நேரம். சார் கூண்டில் நின்று நாட்டின் நாக்கு என்று என்னவோ பேசுகிறார், நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், வெளியே மாணவர்கள் கோஷம் போடுகிறார்கள். நான் எல்லா வாய்தாவுக்கும் போயிருக்கிறேன். மாணவர்கள் யாரும் வரவில்லை. வந்த ஓரிருவரும் கைப்பற்றிய இதழ்கள் ஏலத்துக்கு வருமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சார் கூண்டில் சொன்னது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, “இல்லைங்க.” அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் கருவாட்டு வாசனையோடு இரண்டாவது கடிதம் வந்தது. கணவன் முதலில் அடித்தானாம், பிறகு ஒருவழியாகப் பரிசோதனைக்குப் போனானாம். கோளாறு அவனிடம்தான். ‘இரண்டாந்தாரப் பேச்சு நின்றுவிட்டது டாக்டர் அய்யா. இப்போது யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. அவர்தான் பாவமாக உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு என்ன மருந்து?’ என்று எழுதியிருந்தாள். பெயர், ஊர், தெரு எல்லாம் போட்டுத்தான்.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்துச் சார் அதை வக்கீலிடம் காட்டினார். வக்கீல் டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டார். “இது ஒண்ணு போதுங்க. இது மருத்துவ ஆலோசனை, ஆபாசம் இல்லன்னு ஒரே நாள்ல முடிச்சுரலாம். இந்தப் பொண்ண ஒரு தடவ சாட்சிக்குக் கூப்பிட்டா இன்னும் நல்லது.”

“பேரு ஊரு எல்லாம் இருக்கே இதுல.”

“இருந்தாத்தானே சாட்சி.”

“மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் வந்துரும். எனக்குத் தெரியாதா, நானே அப்படித்தானே போடுவேன்.” சார் கடிதத்தைத் திரும்ப வாங்கினார், நான்காக மடித்தார், எழுந்துபோய் டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வக்கீல் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். பிறகு, “அப்ப உள்ள போகத் தயாரா இருங்க” என்றார்.

மூன்று மாதம் உள்ளே இருந்தார். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்குவதாகச் சொன்னார், கிண்டலாகத்தான். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியமெல்லாம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒரு நடிகைக்கு யாரோடு காதல் வைக்கலாம் என்று யோசனை கேட்டார். வாக்கியம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

வெளியே வந்து இரண்டு இதழ் போட்டார். கடைக்காரர்கள் எடுக்கப் பயந்தார்கள். அப்புறம் அதே மெஷினில் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு என்று அச்சடிக்க ஆரம்பித்தார். தஞ்சாவூரில் மேல்முறையீட்டில் அவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது, பல வருஷம் கழித்து. அன்றைக்கு அவர் அச்சடித்துக்கொண்டிருந்தது ஒரு காதுகுத்து அழைப்பிதழ். ரைஸ்மில் முதலாளியின் பேரனுக்கு. மகனும் மருமகளும் சில தடவை திருச்சிக்குப் போய் வந்ததாகக் கேள்வி. யாருக்கு என்ன சோதனை நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. மருமகள் அதே மருமகள்தான்.

அந்தப் பேரன் இப்போது வளர்ந்து, மில்லைப் படப்பிடிப்புக்குக் கொடுத்திருக்கிறான். படம் ஆரம்பிக்கும்போது குடும்பப் பெயரோடு நன்றி அட்டை வருகிறது. அதனால் படத்தில் ரைஸ்மில் முதலாளி இல்லை. புகார் கொடுப்பது யாரோ வடக்கேயிருந்து வந்த கோட்டுப் போட்ட ஆள். டாக்டர் ரகசியனும் இல்லை, உப்பளத்துப் பெண்ணும் இல்லை, ஒரு ஜோக்கும் இல்லை. சார் விவசாயிகளின் தண்ணீருக்காக எழுதிச் சிறைக்குப் போகிறார். என் அப்பா இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை நன்னிலத்துக்குப் பஸ் ஏறினேன். சார் இப்போது இல்லை; அவர் மகள் தமயந்தி அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. நான் வேலை பார்த்தபோது ரெட்டைச் சடையோடு இருந்தவள், இப்போது தலையில் நரை. படக் கம்பெனியிடம், “ஆபீஸ்ல ஒரு அக்கா இருந்தாங்க” என்று அவள்தான் சொன்னாளாம். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் என்னை வயலில் இறக்கிவிட்டார்கள்.

“மன்னிச்சிருங்கக்கா. டூயட்டெல்லாம் வரும்னு தெரியாது.”

“பரவால்ல, எனக்கு இடுப்பு குடுத்தாங்க” என்றேன்.

சிரித்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஓர் இதழை எடுத்து வந்தாள். ‘நண்டுவளை’ என்று கொட்டை எழுத்து, கீழே ஓங்கிய முஷ்டி. படத்துக்காக அச்சடித்ததாம், ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கொடுத்தார்களாம். பிரித்துப் பார்த்தேன். அட்டைக்குள் வெறும் வெள்ளைத் தாள்.

“நெஜமான புக்கு ஒண்ணு இருக்காக்கா ஒங்கக்கிட்ட? நான் ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல. வீட்டுக்கே கொண்டுவர மாட்டாரு. ஒரு தடவ பையிலேருந்து எடுத்துட்டேன்னு கைய முறுக்கிப் புடுங்கிட்டாரு. பேச்சுரிமைப் போராளி” என்றாள்.

நூலகத்தில் கேட்டிருக்கிறாள், பழைய பேப்பர் கடைகளில் கேட்டிருக்கிறாள், படம் பார்த்துவிட்டு அப்பாவைப் புகழ்ந்து பேசிய ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்களாம். ஒருவரும் வாங்கியதில்லையாம். ஒளித்துப் படித்த புத்தகத்தை யார் எடுத்துவைப்பார்கள்? என்னிடம் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன வாரம், கல்லைக் கட்டி அரசலாற்றில் போட்டேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி, அப்பா எழுதுனது ஒரு வரி ஞாபகம் இருந்தாச் சொல்லுங்கக்கா. எப்படி எழுதுவாருன்னு தெரிஞ்சுக்குறேன்” என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள்.

யோசித்தேன். மாதா மாதம் அந்த நான்கு பக்கத்துக்கும் மூன்று தடவை புரூப் பார்த்தவள் நான். எழுத்துப் பிழைகள்கூட நினைவிருக்கின்றன. ‘வாய்க்கால்’ என்பதற்கு எப்போதும் ஒற்றெழுத்தை விட்டுவிடுவார். உள்ளே டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் வருவதற்குள் ஒரு வரியாவது பிடித்துவிட வேண்டும் என்று கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஒரு வரி வந்தது, பிறகு இன்னொன்று, நல்ல வேகத்தோடு, அகன்ற தோளும் கணீரென்ற குரலுமாக. எல்லாம் படத்து வசனம்.